லைனரை விடுங்கள் தம்பி, முதலில் தகட்டைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். 2011 ஹைலக்ஸ் டபுள் கெப், கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் சாமான் ஏற்றி வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கொடுக்கிறீர்கள், இடைக்கிடை யாழ்ப்பாணம் போய் வெங்காயத்தோடு திரும்புகிறீர்கள், பின்பெட்டியில் பெயின்ட் போய்க் கறள் தலைகாட்டத் தொடங்கிவிட்டது. பெட்டியின் உட்புறத்தைக் காக்க லைனர் என்கிற பூச்சு அடிப்பது பற்றி மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் ராப்டர் பாட்டில் கிட் அடிக்கலாம் என்கிறார். இன்னொருவர் மெஷினில் சூடாக்கி அடிக்கும் தடித்த லைனர்தான் வேலைக்காகும் என்று பல மடங்கு விலை சொல்கிறார். மூன்றாமவர், அதெல்லாம் எதற்கு, கறுப்பு அண்டர் சீல் இரண்டு கோட் அடித்தால் போதும் என்கிறார். எதை எடுப்பது?

மூன்றாமவரை முதலில் கழித்து விடுவோம். அண்டர் சீல் என்பது வாகனத்தின் அடிப்பாகத்துக்கும் சக்கர வளைவின் உட்புறத்துக்கும் உரிய சாமான். தாரும் றப்பரும் கலந்தது, கல் தெறித்தால் தாங்கும், சத்தத்தை அடக்கும், எப்போதும் கொஞ்சம் மென்மையாகவே இருக்கும். அந்த மென்மைதான் அடியில் அதற்குப் பலம், பெட்டிக்குள் அதுவே வினை. அதன் மேல் சீமெந்து மூட்டையை வைத்து இழுத்தால் அதுவும் மூட்டையோடு வரும். சித்திரை வெயிலில் பிசுபிசுக்கும். பெட்ரோல், தின்னர் பட்ட இடம் கரையும், நீங்களோ பெயின்ட் டின் ஏற்றுகிற ஆள். அடித்த அன்று பார்த்தால் உண்மையான லைனருக்கும் இதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டும் கறுப்பு, இரண்டும் சொரசொரப்பு, அதனால்தான் இதையே லைனர் என்று சொல்லி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். கண்டுபிடிப்பது லேசு. அவர் அடித்துச் சில கிழமை போன வாகனம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, துணியில் கொஞ்சம் தின்னர் நனைத்து ஒரு மூலையில் அழுத்தித் துடையுங்கள். துணி கறுத்தால் விஷயம் முடிந்தது. ஹார்ட்னர் என்கிற இறுக்கும் திரவம் கலந்து முழுதாக இறுகிய லைனர் அப்படி லேசில் கரைந்து வராது.

மிச்சம் இரண்டு. இங்கே என் கருத்தை முன்னாலேயே சொல்லி விடுகிறேன்: பாட்டில் கிட்டா மெஷினா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அடிப்பதற்கு முன் தகட்டை யார், எப்படித் தயார் செய்யப் போகிறார் என்பது. தயாரிப்புச் சரியாக இருந்தால் மலிவான லைனரும் வருஷக்கணக்கில் நிற்கும். சரியில்லாவிட்டால் விலை கூடியதுதான் மோசமாகக் கழலும், ஏனென்றால் மெல்லிய படலம் கழன்றால் சின்னச் சின்னத் துண்டாக உதிரும், மூன்று மில்லிமீற்றர் தடித்த பலமான படலம் உடையாது, ஒரு ஓரத்தில் கிளம்பினால் பாயைச் சுருட்டாத குறையாக முழுத்தரையும் எழும்பி வரும். அதைவிட மோசம், எழும்பாமல் கீழே மட்டும் விட்டுப்போய் இருப்பது. மேலே பார்த்தால் புத்தம் புதிது, உள்ளே தண்ணீர் தேங்கித் தகடு தின்னப்பட்டுக்கொண்டிருக்கும், தட்டிப் பார்த்தால்தான் பொத்தென்று வேறு சத்தம் வரும்.

அப்படிக் கழன்ற ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், அதைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். நல்ல மெஷின் வேலை, தடிப்பும் குறைவில்லை. பின்கதவுப் பக்க ஓரத்தில் விரல் நுழைகிற அளவு விட்டிருந்தது, பிடித்து இழுத்தால் எண்ணெய் தடவிய கல்லில் இருந்து தோசை வருகிற மாதிரி வருகிறது. துண்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் கண்ணாடிபோல் வழவழப்பு. கீழே தகட்டில் கொம்பனி பெயின்ட் அப்படியே, மேலே உள்ள கிளியர் கோட் பளபளப்புக்கூட மங்கவில்லை. அதாவது சாண்ட் பேப்பர் அந்தப் பக்கமே போகவில்லை, கழுவித் துடைத்துவிட்டு நேரே அடித்திருக்கிறார்கள். நடுத்தரையில் மட்டும், ஏற்கெனவே சாமான் உரசிப் பெயின்ட் கீறுப்பட்ட இடங்களில், லைனர் அசையவே இல்லை, உளி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரே பெட்டி, ஒரே லைனர் மருந்து, ஒரே நாளில் அடித்தது. தேய்த்த இடம் நின்றது, தேய்க்காத இடம் போனது.

ஆகவே லைனர் அடித்துக் கொடுக்கிற பாஸ் ஒருவரிடம் போனால் எந்தப் பிராண்ட் என்று கேட்பதற்கு முன் எப்படித் தேய்ப்பீர்கள் என்று கேளுங்கள். நல்ல பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும். பின்கதவைக் கழற்ற வேண்டும், கயிறு கட்டும் கொக்கிகளையும் கழற்ற வேண்டும், அவற்றைச் சுற்றிப் பேப்பர் ஒட்டி அடிப்பவரிடம் கொடுக்காதீர்கள், ஏனென்றால் கொக்கியின் அடிதான் தண்ணீர் முதலில் இறங்குகிற இடம். பிறகு நல்ல தண்ணீரில் கழுவல். இது அழுக்குக்காக மட்டுமில்லை, உப்புக்காக. காலி வீதிக் கடற்கரைப் பக்கம் நிற்கிற வாகனம், பேலியகொடை மீன் மார்க்கெட்டுக்கு ஒரு தடவையாவது போய் ஐஸ் தண்ணீர் வடிந்த வாகனம், இதிலெல்லாம் கறளுக்குள் உப்பு இருக்கும், அதை விட்டுவிட்டு மேலே எதை அடித்தாலும் கறள் அடியில் தன் வேலையைத் தொடரும். கழுவிக் காய்ந்த பின் மெழுகு, சிலிக்கன், ஒயில் போக டிகிரீசர் போட்டுத் துடைக்க வேண்டும், தேய்ப்பதற்கு முன்னே. இந்த ஒழுங்கு முக்கியம். ஒயில் இருக்கும்போதே தேய்த்தால் ஒயிலைக் கீறல்களுக்குள் ஏற்றிவிடுவதுதான் நடக்கும். டேஷ்போர்டுக்கும் டயருக்கும் பூசும் மினுக்குச் சாமான்களில் சிலிக்கன் இருக்கும், சேர்விஸ் நிலையத்தில் ஆசையாக அதைப் பின்பெட்டி ஓரத்திலும் தடவி விட்டிருப்பார்கள், லைனருக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

அதன் பிறகு 80 நம்பர் சாண்ட் பேப்பரில் பளபளப்புப் போகும்வரை தேய்ப்பு. தரையில் உள்ள வரிப்பள்ளங்கள், மூலைகள், சக்கர வளைவும் தரையும் சேரும் மூட்டு, இங்கெல்லாம் மெஷின் போகாது, கையால்தான். பெரும்பாலான வேலை கெடுவது இந்த மூலைகளில்தான், நடுத்தரை யார் அடித்தாலும் ஒட்டும். கறள் உள்ள இடத்தை வெள்ளைத் தகடு தெரியும்வரை எடுத்து, அந்த இடத்துக்கு எப்பொக்சி பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடிக்க வேண்டும். வெறும் தகட்டில் நேரே லைனர் அடிப்பது, கறள் மாற்றும் திரவத்தைப் பூசிவிட்டு அப்படியே மேலே போவது, இரண்டும் வேண்டாம். கறள் ஓட்டை போட்டிருந்தால் பட்டி வைத்து மூடுவதற்கும் விடாதீர்கள், துண்டு வெட்டி வெல்ட் பண்ணட்டும். முக்கியமாக, வெல்டிங் வேலை எல்லாம் லைனருக்கு முன்னால் முடிய வேண்டும். அடித்த பிறகு பக்கத்தில் வெல்ட் பிடித்தால் லைனர் எரியும், லைனரில் உள்ள பொலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் எரியும்போது விடுகிற புகையில் ஹைட்ரஜன் சயனைட் வரை இருக்கும். அதைச் சுவாசிப்பது தகட்டு வேலை செய்கிற டிங்கர் பாஸின் பொடியன்.

உங்கள் பெட்டியில் இப்போது பிளாஸ்டிக் லைனர் போட்டிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றைக்கே கழற்றிப் பாருங்கள். தகட்டில் ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கிற அந்த அச்சுப் பிளாஸ்டிக், ஓடும்போது அதிர்ந்து அதிர்ந்து அடியில் உள்ள மண்ணைச் சாண்ட் பேப்பராக்கிவிடும், பெயின்ட் போகும், மழைத் தண்ணீர் இடையில் நின்று காயவே காயாது. மேலே பார்த்தால் நல்ல பெட்டி, கழற்றினால் அடியில் சிவப்புத் தூள். கொழும்பில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை, அதில் தண்ணீரைப் பிடித்து வைக்கிற எதையும் வாகனத்தில் போடாதீர்கள் என்பதுதான் என் எண்ணம்.

சரி, தகடு தயார் என்று வைத்துக்கொண்டு மருந்துக்கு வருவோம்.

உலகத்தில் இந்தத் தொழிலில் பெயர் போனவை இரண்டு அமெரிக்கக் கொம்பனிகள். ரைனோ லைனிங்ஸ் 1988இல் தொடங்கியது, லைன் எக்ஸ் 1993இல். ரைனோவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கொஞ்சம் மென்மையான, தடித்த பொலியூரித்தேன். லைன் எக்ஸ் சூடாக்கி உயர் அழுத்தத்தில் அடிக்கிற, கடினமான பொலியூரியா வகை. இப்போது இரண்டு பக்கமும் எல்லா வகையும் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் அந்தப் பழைய வித்தியாசம் உங்களுக்குத் தேர்வு செய்ய உதவும். மென்மையானதில் சாமான் வழுக்காது, பிரேக் பிடித்தால் பெயின்ட் டின் இருந்த இடத்தில் இருக்கும், ஆனால் முறுக்குக் கம்பியின் வெட்டு முனை பட்டால் கிழியும். கடினமானது கிழியாது, கம்பிக் கட்டை இழுத்துப் போடலாம், ஆனால் பெட்டிகள் கொஞ்சம் சறுக்கும். வெங்காய மூட்டைக்கும் டைல் பெட்டிக்கும் பிடிமானம் வேண்டும், கம்பிக்கும் ஜீ.ஐ. குழாய்க்கும் கடினம் வேண்டும். நீங்கள் இரண்டையும் ஏற்றுகிறீர்கள், அதற்கு ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

மெஷின் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாஸிடம் பேசும்போது ஏமாற மாட்டீர்கள். இரண்டு பீப்பாய், ஒன்றில் ஐசோசயனேட் என்கிற இறுக்கும் இரசாயனம், மற்றதில் ரெசின் என்கிற பிசின். இரண்டையும் தனித்தனியாக 60 முதல் 75 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, சூடேற்றிய குழாயில் 100 பாருக்கு மேல் அழுத்தத்தில் கொண்டுவந்து, துப்பாக்கி முனையில்தான் கலக்க விடுகிறார்கள். பொலியூரியா என்றால் சில விநாடிகளில் இறுகிவிடும். அதனால்தான் செங்குத்துச் சுவரிலும் வழியாமல் மூன்று மில்லிமீற்றர் தடிப்பு ஏற்ற முடிகிறது. இந்த மெஷின் சின்னச் சாமான் இல்லை, சூடேற்றிகளும் பெரிய கொம்பிரசரும் வேண்டும். சாதாரணப் பெயின்ட் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு பொலியூரியா அடிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பாட்டில் கிட் வேறு விதம். ராப்டர் என்பது யூ-போல் என்கிற பிரிட்டிஷ் கொம்பனியின் சாமான், ஆனால் பேச்சில் எந்தப் பாட்டில் கிட்டையும் ராப்டர் என்று சொல்லிவிடுவார்கள், ஆகவே பாட்டிலைக் கண்ணால் பாருங்கள். பாட்டிலில் 750 மில்லிலீற்றர் இருக்கும், 250 ஹார்ட்னர் ஊற்றினால் ஒரு லீற்றர், மூன்றுக்கு ஒன்று. குலுக்கி, அண்டர் சீல் அடிக்கும் அதே வகைத் துப்பாக்கியைப் பாட்டில் வாயில் திருகிச் சாதாரணக் கொம்பிரசரில் அடிக்கலாம். அழுத்தத்தைக் குறைத்தால் புள்ளி பெரிதாகச் சொரசொரப்புக் கூடும், கூட்டினால் மெல்லிய மணலாக வரும். இரண்டு கோட்டுக்கு இடையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனால் லேபலில் உள்ள நேரமெல்லாம் 20 பாகை குளிருக்கு எழுதியது, நம் ஊர்ச் சூட்டில் கலந்த மருந்து அதைவிடச் சீக்கிரம் கெட்டியாகும், ஆகவே நாலு பாட்டிலையும் ஒரே நேரத்தில் கலந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிற பாஸிடம் வேலை கொடுக்காதீர்கள்.

தடிப்புக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம், விலை வித்தியாசம் ஏன் என்று அதில் தெரியும். டபுள் கெப் பெட்டியின் தரை ஏறக்குறைய ஒன்றரைக்கு ஒன்றரை மீற்றர், சுவர் அரை மீற்றர் உயரம் என்று வைத்தால் தரை, நாலு பக்கம், மேல் விளிம்பு எல்லாம் சேர்த்து ஆறு சதுர மீற்றருக்குக் கிட்ட வரும். அதில் மூன்று மில்லிமீற்றர் ஏற்ற 18 லீற்றர் மருந்து வேண்டும். கிட்டில் இருப்பது நாலு லீற்றர், அதிலும் ஒரு பகுதி தின்னராக ஆவியாகிப் போய்விடும், ஆக இரண்டு மூன்று கோட் அடித்தாலும் ஒரு மில்லிமீற்றர்கூட வராது. ஆகவே கிட் என்பது சொரசொரப்பான, பலமான பெயின்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கீறலைத் தாங்கும், அடியைத் தாங்காது. மெஷின் லைனர் ஓரளவு அடியையும் உள்வாங்கும், ஆனால் அதுவும் தகடு நெளிவதைத் தடுக்காது. 50 கிலோ சீமெந்து மூட்டையைத் தோளில் இருந்து மூலைபடப் போட்டால் எந்த லைனரானாலும் தகடு பள்ளம் விழும். மெஷின் வேலைக்கு விலை சொல்கிறவரிடம் எத்தனை லீற்றர் போகும் என்று கேளுங்கள். ஆறு ஏழு லீற்றர் என்றால் அவர் சொல்கிற மூன்று மில்லிமீற்றர் வாயில் மட்டும்தான்.

கொழும்புக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது, ஈரக்காற்று. ஐசோசயனேட்டுக்குத் தண்ணீரைக் கண்டால் பொறுக்காது, தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு வரும், அது படலத்துக்குள் குமிழியாக மாட்டிக்கொள்ளும். காய்ந்த பின் ஊசிக்குத்துப்போல் ஓட்டைகள் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பொலியூரியா விநாடிகளில் இறுகிவிடுவதால் காற்றின் ஈரம் அதை அதிகம் பாதிக்காது, மெதுவாக இறுகும் பொலியூரித்தேன்தான் மாட்டிக்கொள்ளும். ஆனால் தகட்டின் மேலேயே ஈரம் படிந்திருந்தால் இரண்டுக்கும் ஆபத்து. தொழில் விதி என்னவென்றால், தகட்டின் வெப்பநிலை பனிபடு நிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, மூன்று பாகையாவது கூட இருக்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, காற்று 28 பாகை, ஈரப்பதன் 85 வீதம் என்றால் பனிபடு நிலை 25க்குச் சற்று மேல் வரும். அப்படியானால் தகடு 28க்கு மேல் இருக்க வேண்டும், ஆனால் இரவு முழுக்க கராஜில் குளிர்ந்த தகடு காற்றைவிடக் குளிராகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தண்ணீர் தெரியாது, கை வைத்தால் லேசான குளிர்ச்சி மட்டும் தெரியும், அதற்கு மேலே அடித்தால் வேலை கெட்ட மாதிரித்தான். அதே இடத்தில் மத்தியானம் காற்று 32 பாகையாகி ஈரப்பதன் 65க்கு இறங்கினால் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆகவே காலையில் வெள்ளென அடித்து முடித்துத் தருகிறேன் என்பவரைவிட, காலையில் தேய்த்துவிட்டு மத்தியானம் அடிக்கிறேன் என்பவர் நல்லவர். கொம்பிரசரில் தண்ணீர் பிரிக்கும் வடி இருக்கிறதா என்றும் பாருங்கள், நம் ஊர்க் காற்றை அமுக்கினால் தாங்கியின் அடியில் தண்ணீர் சேரும், அது குழாய் வழியே நேரே உங்கள் லைனருக்குள் வரும்.

நிறம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை குறைந்த மருந்துகள் பெரும்பாலும் அரோமெட்டிக் வகை, வெயிலில் கறுப்பு மங்கி வெளிறிய சாம்பலாகும், வெளிர் நிறம் என்றால் மஞ்சளிக்கும். பலம் உடனே போய்விடாது, பார்வைதான் போகும். கறுப்பாகவே இருக்க வேண்டும் என்றால் வெயிலுக்கு நிறம் தாங்கும் அலிபெட்டிக் வகை மேல் கோட் ஒன்று கேட்கலாம். வேலை வாகனத்துக்கு அந்தக் காசு வீண் என்பேன். வாகனம் முழுக்க வெளியிலும் லைனர் அடிக்கிற ஆசை இப்போது பொடியன்மாரிடம் இருக்கிறது. பார்க்க முரட்டு அழகுதான், ஆனால் வாகனத்தின் நிறமே மாறினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், நாளைக்கு எங்காவது இடிபட்டால் ஒரு கதவை மட்டும் திருத்திப் பெயின்ட் அடிப்பதும் பெரும்பாடு. ஒருமுறை அடித்ததை எடுப்பது அடித்ததைவிடச் செலவு, மெஷின் லைனரை எடுக்க வேண்டுமென்றால் சூடாக்கிச் சுரண்டிச் சுரண்டி ஆளே ஓய்ந்துவிடுவார்.

நீங்கள் வீட்டிலேயே கிட் வாங்கி அடிக்க யோசித்தால் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் தூவலாகி நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரும், ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும், வாழ்நாள் முழுக்க அந்தத் தொழில் பக்கம் போக முடியாது. கொவிட் காலத்து முகமூடி இதற்கு ஒன்றுமே இல்லை. வெளியிலிருந்து சுத்தமான காற்றுக் கொடுக்கும் முகக்கவசம்தான் சரியான முறை, கையுறையும் உடல் மூடிய உடுப்பும் வேண்டும், தோலாலும் ஏறும். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டுக் கீழே வாகனத் தரிப்பிடத்தில் வைத்து அடிக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். மேலே பல்கனியில் இருக்கிற பிள்ளைகளும் அதைத்தான் சுவாசிப்பார்கள், பக்கத்து வாகனங்களில் கறுப்புப் புள்ளி விழுந்து வருகிற சண்டை வேறு. காசை மிச்சம் பிடிக்க ஆசை என்றால் கழற்றுவது, கழுவுவது, தேய்ப்பது எல்லாம் நீங்களே செய்யுங்கள், தூசிக்கு முகமூடி போட்டுக்கொண்டு. அதுதான் நேரம் தின்கிற பகுதி, அதை நீங்களே செய்தால் ஒழுங்காக நடந்தது என்ற நிம்மதியும் இருக்கும். அடிப்பதை மட்டும் பெயின்ட் பாஸிடம் கொடுங்கள். சிலர் இப்படிப் பிரித்து வேலை எடுக்க மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.

அடிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்றால் கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள் உண்டு. தரை மூலைகளில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும், அவற்றை அடைத்துவிட்டால் பெட்டி குளமாகும், தக்கை செருகிவிட்டு அடித்து, இறுகும் முன் எடுத்துவிட வேண்டும். பின்கதவு மூடும் விளிம்பில் தடிப்பாக ஏற்றினால் கதவு பூட்டாது. லைனர் முடிகிற மேல் விளிம்பு நேர்கோடாக, நன்றாக அழுத்தி ஒட்டியிருக்க வேண்டும், கழலல் அங்கிருந்துதான் தொடங்கும், தறப்பாள் கட்டும் கயிறு தினமும் உரசுவதும் அங்கேதான்.

செக்கர் பிளேட், அதாவது மேலே புடைப்புக் கோடுகள் உள்ள தகடு, போடலாமா என்று சிலர் கேட்பார்கள். அலுமினியம் செக்கர் தகட்டை இரும்புத் தரையில் நேரே திருகினால், இரண்டு உலோகத்துக்கும் இடையில் உப்புத் தண்ணீர் நின்று அரிப்பு வேகமாகும். மேலே மினுக்கமாகத்தான் இருக்கும். கட்டாயம் வேண்டுமென்றால் லைனர் அடித்த பிறகு, இடையில் றப்பர் வைத்துப் போடுங்கள், அதையும் அடிக்கடி கழற்றிக் கழுவுகிற ஆள் என்றால் மட்டும்.

இனி உங்கள் வாகனத்துக்கு நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல் திறந்த பிறகும் டபுள் கெப் ஒன்றைப் புதிதாக வாங்குவது நம்மைப் போன்றவர்களுக்கு லேசான காரியமில்லை, ஆகவே இந்த ஹைலக்ஸை இன்னும் நெடுநாள் ஓட்டப் போகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். கறள் ஏற்கெனவே வந்துவிட்டது. அதனால் கைக்காசின் பெரிய பங்கைத் தகட்டுக்குப் போடுங்கள்: கறள் வெட்டல், வெல்டிங், எப்பொக்சி பிரைமர். அதன் மேல் பாட்டில் கிட், நாலு பாட்டிலையும் பெட்டிக்குள்ளேயே முடிக்கச் சொல்லுங்கள், தரைக்கு ஒரு கோட் கூட. தரையில் தடித்த றப்பர் பாய் ஒன்று, எட்டு அல்லது பத்து மில்லிமீற்றர், நம் நாட்டிலேயே செய்கிறார்கள், அளவுக்கு வெட்டிச் சும்மா விரித்து வையுங்கள், திருக வேண்டாம். மூட்டை, டைல், டின் ஏற்றும்போது பாய் இருக்கட்டும், பிடிமானமும் அதுதான், விழும் அடியை வாங்குவதும் அதுதான். வெறும் கம்பிக்கட்டு என்றால் பாயைச் சுருட்டி முன்னால் போட்டுவிட்டுக் கம்பியை நேரே லைனரில் இழுக்கலாம், கீறினால் கீறட்டும், அந்த இடத்தைத் தேய்த்து, புதிதாக ஒரு பாட்டில் வாங்கித் திரும்பப் பூசலாம். கிட்டின் பெரிய வசதியே இந்தத் திருத்தம்தான். மெஷின் லைனரில் ஒட்டுப் போட்டால் ஒட்டுத் தெரியும், அதுவும் மெஷின் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். பாயை மாதத்துக்கு ஒருதடவையாவது எடுத்து வெளியே காயப்போடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் லைனருக்குச் சொன்ன கதைதான் இதற்கும்.

தகட்டில் கறளே இல்லாத வாகனம், தினமும் இரும்பு ஏற்றுகிற வேலை, பாய் விரித்துச் சுருட்டுகிற பொறுமை இல்லாத சாரதி, இந்த மூன்றும் சேர்ந்தால் மெஷின் லைனருக்குக் காசு கொடுக்கலாம், அது கொடுக்கிற காசுக்கு உழைக்கும். உங்கள் நிலைமை அது இல்லை என்று நினைக்கிறேன்.

காலம்: தை, மாசியில் செய்யுங்கள், கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் அவைதான், வைகாசியில் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் காயவைப்பதே பெரும்பாடு. அடித்து முடிந்த பிறகு இரண்டு மூன்று நாளுக்கு லேசான சாமான் மட்டும், பாரமான ஏற்றல் ஒரு கிழமை கழித்துத்தான். அந்த ஒரு கிழமைக்கு வாடகை வாகனம் ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள், ஏனென்றால் பழைய சோனகத் தெருவில் இருந்து யாராவது கட்டாயம் அவசரம் என்று கூப்பிடுவார்கள். கொக்கிகளைத் திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு போல்ட் துளையிலும் சீலன்ட் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்கள், பாஸ் மறந்தால் நீங்களே வையுங்கள்.